ஆங்கில வகுப்பறையும் நூற்றெரிவும்: நைரோபி தந்த பாடம்

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வினாக்களுள் தலையாயது, மாணாக்கர் கையில் எந்நூலைக் கொடுப்பது என்பதாகும். இலக்கணத்துக்கு விதியுண்டு, உச்சரிப்புக்கு அகராதியுண்டு, பரீட்சைக்குப் பாடத்திட்டமுண்டு. நூற்றெரிவுக்கோ ஆசிரியரின் வாசிப்பும் விவேகமுமே துணை. விதிக்கப்பட்ட நூலை விதித்தவாறே நடத்தி முடிப்பதுடன் தம் கடமை தீர்ந்தது என்று கருதுவார்க்கு இவ்வினா எழுவதில்லை. ஆயின், அந்நூல்களை விதித்தவர் யாவர், எவரை மனத்திற்கொண்டு விதித்தனர், விடுபட்ட நூல்கள் யாவை என்று ஒருமுறை சிந்திக்கத் தொடங்கிய ஆசிரியர்க்கு, அச்சிந்தனையிலிருந்து பின்வாங்குதல் எளிதன்று.

இவ்வினா ஒரு பல்கலைக்கழகத் துறையின் பெயரையே மாற்றி, அந்நாட்டுப் பாடசாலைகள்வரை சென்று பரவிய வரலாறு கிழக்கு ஆபிரிக்காவில் நிகழ்ந்தது. 1968ஆம் ஆண்டு நைரோபியில் எழுந்த அவ்விவாதத்தின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் சுருக்கமாக நோக்கி, வகுப்பறை ஆசிரியர் அதனின்றும் பெறத்தக்கன யாவை என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடமாக வந்த இலக்கியம்

ஆங்கில இலக்கியம் மிகப் பழைய இலக்கியம். ஆங்கில இலக்கியம் என்னும் பாடமோ மிகப் பழையதன்று. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் அதற்கெனத் தனிப் பாடநெறி வகுத்தது 1890களிலேயாம். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் அதனைத் தனிச் சிறப்புப் பாடமாக அமைத்தது 1917இலேயாம். இதற்குப் பல்லாண்டு முன்னரே, மக்கோலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பை அடுத்து, இந்தியக் கல்லூரிகளில் ஆங்கிலக் கவிஞரும் உரைநடையாசிரியரும் முறையாகக் கற்பிக்கப்பட்டனர். 1855இல் இந்திய சிவில் சேவைக்கு நடத்தப்பட்ட போட்டிப் பரீட்சையிலும் ஆங்கில இலக்கியம் இடம்பெற்றது. இப்பாடம் தாய்நாட்டிலும் பார்க்கக் குடியேற்ற நாட்டிலேயே முந்தி நிலைபெற்றது என்னும் உண்மையை, கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில் விரிவாக நிறுவியுள்ளார்.

பாடத்தைப் பரப்பிய கருவி பரீட்சையாகும். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் பாடசாலை மாணவர்க்கான தன் உள்ளூர்ப் பரீட்சைகளை 1858இல் தொடங்கியது. அதே ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகம், தன் பட்டப் பரீட்சைகளுக்கு எங்கிருந்து கற்றவரும் தோற்றலாம் என்று வாயிலைத் திறந்துவிட்டது. கேம்பிறிட்ஜ் பரீட்சை 1880இல் இலங்கைக்கு வந்தது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, தன் மாணவரை லண்டன் பட்டத்துக்கே ஆயத்தஞ் செய்தது. நைசீரியாவில் 1948இல் நிறுவப்பட்ட இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியும் உகண்டாவின் மக்கரேரேக் கல்லூரியும் லண்டனோடு இத்தகைய தொடர்பே பூண்டிருந்தன. எனவே, ஆபிரிக்க ஆங்கில ஆசிரியரின் வரலாறு நமக்கு அயலார் வரலாறன்று. அவரும் நாமும் ஒரே பரீட்சைச் சபையின் வினாத்தாள்களுக்கு விடையெழுதிய ஒருசாலை மாணாக்கரேயாவோம்.

இம்முறையால் விளைந்த நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. வறிய குடும்பத்து மாணவன் ஒருவன் தன் ஊரைவிட்டு நீங்காமலே உலகம் மதிக்கும் தகுதியொன்றைப் பெற அது வழிவகுத்தது. சேக்ஸ்பியரையும் மில்ரனையும் வேட்ஸ்வேத்தையும் அது நமக்கு அறிமுகஞ் செய்தது. குறை யாதெனின், நூலைத் தெரிந்தெடுத்தவர் அதனைக் கற்கும் பிள்ளையைக் கண்டவரல்லர். பிள்ளையைக் கண்ட ஆசிரியர்க்கோ நூலைத் தெரிந்தெடுக்கும் உரிமையில்லை.

உமுவாகியா நூலகமும் இபாதான் வகுப்பும்

இக்குறையின் விளைவை ஒருவர் வாழ்க்கையில் வைத்து நோக்குவது பயனுடைத்து. நைசீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே 1930இல் பிறந்தவர்; உமுவாகியா அரசினர் கல்லூரியிற் பயின்றவர். அவர் காலத்து அதிபர் வில்லியம் சிம்சன், கேம்பிறிட்ஜில் கணிதம் கற்றவர். அவர் ஒரு விசித்திரமான விதியை வகுத்திருந்தார்: வாரத்தில் மூன்று நாள், மாலை வேளையின் குறித்த நேரத்தில் எம்மாணவனும் பாடப்புத்தகத்தைத் தொடுதலாகாது. நூலகத்திலுள்ள கதை நூலையோ வாழ்க்கை வரலாற்றையோ சஞ்சிகையையோ வாசிக்கலாம், விளையாடலாம். பாடப்புத்தகத்தையே கட்டிக்கொண்டு கிடத்தல் கேடு பயக்கும் என்பது அவர் துணிபு. அக்கல்லூரியிலிருந்து அச்செபேயுடன் கிறிஸ்தோபர் ஒக்கிக்போ, கேப்ரியல் ஒக்காரா, எலெச்சி அமாடி முதலிய எழுத்தாளர் பலர் தோன்றினர். இதற்கும் சிம்சனின் விதிக்கும் தொடர்புண்டு என்றே அச்செபே பின்னாளிற் கருதினார். ஒரு கணித ஆசிரியர் இலக்கியத்துக்குச் செய்த இத்தொண்டு, ஆங்கில ஆசிரியராகிய நம்மை நாணச் செய்வதொன்றாம்.

ஆயினும், அந்நூலகத்தின் தட்டுகளில் இருந்த நூல்கள் யாவை? ரைடர் ஹகார்ட், ஜோன் பக்கன் போன்றோரின் வீரசாகசக் கதைகள் பல அங்கிருந்தன. அவற்றிலே வெள்ளையர் அறிவும் துணிவும் உடையவர். ஆபிரிக்கரோ அவர்க்கு இடையூறு விளைக்கும் காட்டுமிராண்டிகள். அவற்றை வாசித்த சிறுவனாகிய தாமும் அவ்வெள்ளையர் பக்கமே சார்ந்து நின்றதாக அச்செபே எழுதியுள்ளார். ஈது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. நூல் பிள்ளைக்கு இன்பந் தரவில்லை என்பதன்று இங்குள்ள குறை. மிக்க இன்பந் தந்தது. அவ்வின்பத்தின் ஊடாகவே, தன் இனத்தாரைத் தானே இகழும் மனப்பான்மை அறியாமற் புகுந்தது. தெரிவு என்பது சுவையைப் பற்றிய விடயம் மாத்திரமன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இபாதானில் நிகழ்ந்தது வேறு. அங்கே மாணவர்க்கு விதிக்கப்பட்ட நூல்களுள் ஒன்று, ஜொய்ஸ் கேரி என்னும் ஆங்கில எழுத்தாளர் நைசீரியாவைக் களமாக வைத்து 1939இல் வெளியிட்ட ‘மிஸ்டர் ஜோன்சன்’ என்னும் நாவல். ஆபிரிக்காவைப் பற்றிய நாவலொன்றைத் தந்தால் மாணவர் மகிழ்வர் என்னும் நல்லெண்ணத்தால் அது தெரியப்பட்டிருக்கலாம். ஆனால், அந்நாவலில் தமக்கு மகிழ்ச்சி தந்த இடம் கதாநாயகன் சுட்டுக்கொல்லப்படும் இடம் ஒன்றே என்று மாணவரொருவர் வகுப்பிலேயே கூறிவிட்டார். தம் நாட்டார் ஒருவர் அறிவிலியாகவும் கோமாளியாகவும் சித்திரிக்கப்பட்டதை அவர்கள் ஏற்கவில்லை. தம் கதையைத் தாமே சொல்லவேண்டும் என்னும் எண்ணம் அச்செபேயின் உள்ளத்தில் வலுப்பெற இவ்வகுப்பும் ஓர் ஏதுவாயிற்று. மாணவரின் நாட்டைப் பற்றியது என்னும் ஒன்றே ஒரு நூலை அவர்க்கு உரியதாக்கிவிடாது. அதனை எவர், எவ்விடத்து நின்று சொல்கின்றார் என்பதும் ஆராயற்பாலது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

நூல் கிடைத்தாலன்றித் தெரிவு இல்லை

அச்செபேயின் முதல் நாவலை 1958இல் ஹைனமன் நிறுவனத்தார் வெளியிட்டனர். முதற் பதிப்பு 2,000 பிரதிகளே. ஈழத்து எழுத்தாளர் என். கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்னும் பெயரில் தமிழாக்கியிருப்பது இந்நாவலையே. கெட்டி அட்டையில், இங்கிலாந்து விலையில் வந்த நூலை ஆபிரிக்கப் பாடசாலை மாணவன் வாங்குதல் இயலாதென்பதை உணர்ந்தவர், அந்நிறுவனத்தின் கல்வி நூற் பகுதியைச் சேர்ந்த அலன் ஹில் ஆவார். அவர் முயற்சியால் 1962இல் ‘ஆபிரிக்க எழுத்தாளர் வரிசை’ தோன்றியது. மெல்லிய அட்டையில் மலிவு விலையில் வெளியான அவ்வரிசைக்கு 1972வரை பதிப்பாசிரியராகப் பணியாற்றியவர் அச்செபே. அக்காலத்துள் ஏறத்தாழ நூறு நூல்கள் வெளிவந்தன.

1962ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மக்கரேரேக் கல்லூரியில் ஆபிரிக்க ஆங்கில எழுத்தாளர் மாநாடொன்று கூடியது. அங்குப் பட்டப்படிப்பு மாணவராயிருந்த கென்ய இளைஞர் ஒருவர், தாம் எழுதிய நாவலின் கையெழுத்துப் பிரதியை அச்செபேயிடம் காட்டினார். அது 1964இல் அவ்வரிசையில் வெளியாயிற்று. அவ்விளைஞரே அந்நாளில் ஜேம்ஸ் கூகி எனவும் பின்னாளில் கூகி வா தியாங்கோ எனவும் அறியப்பட்டவர்.

இப்பகுதி வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. பாடத்திட்டம் மாறவேண்டும் என்று கூறுதல் எளிது. மாற்றுவதற்கான நூல் முப்பது மாணவர் கைக்கும் எட்டும் விலையில் இருந்தாலன்றி அக்கூற்று வெறுங்கூற்றாகவே முடியும். பதிப்பாளர், நூலகர், ஆசிரியர் ஆகிய மூவரும் ஒருங்கு முயன்றமையாலேயே ஆபிரிக்க நூல்கள் ஆபிரிக்க வகுப்பறையுட் புகுந்தன.

நைரோபிக் குறிப்பு

கென்யா 1963 திசம்பரில் சுதந்திரமடைந்தது. ஐந்தாண்டுகள் கழிந்த பின்னும் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆங்கிலத் துறை, ஆங்கில இலக்கியத்தின் தொடர்ச்சியான வரலாற்றையே தன் பாடத்தின் முதுகெலும்பாகக் கொண்டிருந்தது. 1968 செத்தெம்பர் 20ஆந் திகதி, துறையின் பதிற்றலைவர் ஜேம்ஸ் ஸ்ரூவேட், கலைப்பீடத்தின் எதிர்கால வளர்ச்சி குறித்துச் சில ஆலோசனைகளைக் கலைப்பீடச் சபைமுன் வைத்தார். அதற்கு மறுமொழியாக அக்கல்லூரியிற் பணியாற்றிய கூகி, ஹென்றி ஒவூர் அன்யும்பா, தபான் லோ லியோங் ஆகிய மூவரும் 1968 ஒக்ரோபர் 24ஆந் திகதி ஒரு குறிப்பைச் சமர்ப்பித்தனர். ஆங்கிலத் துறையை ஒழித்துவிடுக என்பதே அதன் வேண்டுகோள்.

தலைப்பை மாத்திரம் கேட்டோர், இஃது ஆங்கிலத்தின்மேற் கொண்ட பகையால் எழுந்தது என எண்ணினர். குறிப்பை முற்றக் கற்போர்க்கு அவ்வாறு தோன்றாது. ஒரு பண்பாட்டின் தொடர்ச்சியான வரலாற்றைக் கற்றல் அவசியமாயின், அப்பண்பாடு ஏன் ஆபிரிக்கப் பண்பாடாக இருத்தலாகாது என்பதே அவர்தம் அடிப்படை வினா. ஆபிரிக்காவை நடுவில் வைத்து, ஏனையவற்றை அதனோடு அவற்றுக்குள்ள தொடர்பு நோக்கி வரிசைப்படுத்துக என்றனர். வாய்மொழி இலக்கியம், சுவாகிலி இலக்கியம், இக்கால ஆபிரிக்க இலக்கியம், மேற்கிந்தியத் தீவுகளினதும் அமெரிக்கக் கறுப்பினத்தவரதும் இலக்கியம், ஐரோப்பிய இலக்கியம் ஆகிய யாவும் அவர்தம் திட்டத்தில் இடம்பெற்றன. ஆங்கிலமொழியையும் அவர்கள் விலக்கவில்லை. சேக்ஸ்பியரை வெளியேற்றுதல் அன்று, அவர்க்கு வீட்டின் நடுமுற்றத்தை விட்டு ஒரு கௌரவமான அறையை அளித்தலே அவர்தம் கருத்தாகும்.

நெடிய வாதப் பிரதிவாதங்களின் பின்னர், ஆங்கிலத் துறை இருந்த இடத்தில் இலக்கியத் துறையும், மொழியியல் ஆபிரிக்க மொழிகள் துறையும் அமைந்தன.

பாடசாலை நோக்கி

பல்கலைக்கழகத்திற் பாடத்திட்டம் மாறியது, பாடசாலையில் மாறவில்லை. 1974இல் நைரோபிப் பாடசாலையிற் கூடிய மாநாடு, கென்யப் பாடசாலைகளில் ஆபிரிக்க இலக்கியத்தைக் கற்பித்தல் என்னும் பொருளை ஆராய்ந்தது. ஆங்கிலமும் இலக்கியமும் கற்பிக்கும் இடைநிலைப் பாடசாலை ஆசிரியர் ஏறத்தாழ இருநூற்றுவர் அங்குக் குழுமினர். கல்வியமைச்சின் ஆங்கில வித்தியாதரிசிகள் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து அதனை நடத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

அவ்வாசிரியர் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருட் பெரும்பாலார் பழைய பாடத்திட்டத்திலே பயின்று பட்டம் பெற்றவர். தாம் ஒருபோதும் கற்றிராத நூல்களைக் கற்பிக்குமாறு இப்போது வேண்டப்பட்டனர். வாய்மொழி இலக்கியமோ அச்சிட்ட நூலன்று. அது கிராமத்துப் பாட்டியின் நாவிலும் மாடு மேய்ப்பவனின் விடுகதையிலும் வாழ்வது. அதனை வகுப்பறைக்குக் கொணர வேண்டின் மாணவரை ஊருக்குள் அனுப்புதல் வேண்டும். அவர் கொணர்ந்ததை அவரிடமிருந்தே ஆசிரியர் கற்றல் வேண்டும். அறிவு ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கு இறங்குவது என்னும் பழைய ஒழுங்கு இங்கே மாறிவிடுகின்றது. பட்டத்தோடு கல்வி முற்றுப்பெற்றது என்று எண்ணியிருந்தவர்க்கு இஃது இடராகவும், மேலுங் கற்க விரும்பியவர்க்கு இரண்டாவது கல்வியாகவும் அமைந்தது. மாற்றமும் உடனடியாக வந்துவிடவில்லை. கென்யா 1985இல் தொடங்கிய புதிய கல்வி முறையிலேயே வாய்மொழி இலக்கியம் இடைநிலைப் பாடசாலைகளில் உறுதியான இடம்பெற்றது.

புதிய பட்டியலின் குறைகள்

பழைய பட்டியலைக் குறைகூறுவோர் புதிய பட்டியலையும் அதே கண்கொண்டு நோக்குதல் முறையாகும். ஆபிரிக்க எழுத்தாளர் வரிசையின் தொடக்கக் காலத்து நூல்களுட் பெரும்பாலன ஆடவர் எழுதியனவே. புளோரா நுவாப்பாவின் முதல் நாவல் 1966இல் அவ்வரிசையில் வெளியானபோது, பெண்ணொருத்தியின் வாழ்வைப் பெண்ணே சொல்லும் குரல் அதனுட் புகுந்தது. கிரேஸ் ஓகொட்டின் நாவலும் அதே ஆண்டில் நைரோபியில் வெளியாயிற்று. அயலார் கண்ணால் தன்னைக் காணும் இழிவிலிருந்து மீண்ட மாணவன், தன் சகோதரியைத் தன் கண்ணால் மாத்திரம் காண்பானாயின் மீட்சி பாதியே நிகழ்ந்ததாகும்.

மற்றொரு குறை மொழி பற்றியது. மக்கரேரே மாநாடு ஆங்கிலத்தில் எழுதுவோரை மாத்திரம் அழைத்தது. சுவாகிலியிலும் யொரூபாவிலும் எழுதிய பெரும் எழுத்தாளர் அதற்குப் புறத்தே நின்றனர். வகுப்பிலே தாய்மொழி பேசியமைக்காகப் பிள்ளைகள் அடியுண்டதையும் கழுத்தில் இழிவுப் பலகை தாங்கியதையும் கண்டு வளர்ந்த கூகி, 1977ஆம் ஆண்டின் பின்னர் தம் புனைகதைகளைக் கிக்கூயு மொழியிலேயே எழுதத் துணிந்தார். தம் அனுபவச் சுமையைத் தாங்குமாறு ஆங்கிலத்தை வளைத்து ஆளலாம் என்று அச்செபே வாதிட்டார். 2013இல் அச்செபேயும் 2025இல் கூகியும் மறைந்தனர். அவர்தம் விவாதம் முடிவுறவில்லை. ஆங்கில ஆசிரியர் இருவருள் ஒருவர் பக்கம் சார வேண்டுவதில்லை. தாம் கற்பிக்கும் மொழி மற்றொரு மொழியின் இருப்பிடத்தைக் கவர்ந்துகொள்ளாது காத்தல் தம் கடமை என்பதை மாத்திரம் அவர் மறவாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, விலக்குதல் பற்றியது. 1975இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விரிவுரையில், கொன்ராட்டின் கொங்கோக் கதை ஆபிரிக்கரை மனிதராகவே மதிக்கவில்லை என அச்செபே கடுமையாகக் கண்டித்தார். அதன் விளைவாக அந்நூல் வகுப்பறைகளிலிருந்து மறைந்துவிடவில்லை. கொன்ராட்டையும் அச்செபேயையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் வழக்கம் பல நாடுகளிற் பரவியது. இரு நூல்களை எதிரெதிர் நிறுத்தி, இரண்டையும் ஆராயும் திறனை மாணவர்க்கு அளித்தல், ஒன்றைத் தடுத்து மற்றொன்றைப் புகட்டுவதினும் சிறந்தது என்பதில் ஐயமில்லை.

நம் வகுப்பறைக்கு வருவன

நைசீரியாவின் நுசுக்கா நகரில் வளர்ந்த எழுத்தாளர் சிமமண்டா அடிச்சி, 2009இல் நிகழ்த்திய உரையொன்றில் தம் இளமைக்கால எழுத்தைப் பற்றிக் கூறினார். ஆங்கிலேயச் சிறுவர் நூல்களையே வாசித்தமையால், தாம் எழுதிய கதைகளிலும் பனியில் விளையாடி அப்பிள் உண்ணும் வெள்ளைச் சிறுவரே வந்தனர் என்றார். அச்செபே பிறந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், சுதந்திர நாட்டிலும், நிலை அதுவாயிருந்தது. நூல்கள் எழுதப்பட்டுவிட்டன என்பதால் அவை பிள்ளையின் கையை அடைந்துவிட்டன என்று கொள்ளலாகாது. இடையில் நிற்பவர் ஆசிரியர்.

பரீட்சைக்குரிய நூலை ஆசிரியர் மாற்றவியலாது. ஆயின், பரீட்சை நூல் வாசிப்பின் அடித்தளமேயன்றிக் கூரையன்று. ஆங்கில நாவலொன்றைக் கற்பிக்கும் தவணையில், அதே பொருளை வேறு நாட்டவர் சொல்லிய சிறுகதையொன்றை அதனருகே வைக்கலாம். யாழ்ப்பாணத்திற் கச்சேரி உத்தியோகத்தராய் 1905இற் பணிதொடங்கிய லெனாட் வூல்வ், 1913இல் வெளியிட்ட இலங்கைக் கிராம நாவலை எடுத்து, நாட்டை ஆள வந்தவர் கண்ணுக்கு எது புலப்பட்டது, எது புலப்படவில்லை என்று மாணவரையே வினவலாம். ஏ. கே. இராமானுசன் 1967இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்புகளைக் கொடுத்து, மூலத்தோடு ஒப்பிடச் செய்யலாம். அவ்வேளையில் தமிழறிந்த மாணவன் ஆங்கில வகுப்பில் வலுவிழந்தவனாக அன்றி, தீர்ப்புக் கூறும் தகுதியுடையவனாக எழுந்து நிற்பான். ஊரிலே கேட்ட கதையொன்றை ஆங்கிலத்தில் எழுதி வருமாறு பணித்தால், உமுவாகியா நூலகத்தின் தட்டுகளில் இல்லாதிருந்த அந்நூல் நம் வகுப்பிலேயே தோன்றத் தொடங்கும்.

இவற்றுக்கெல்லாம் முதல் வேண்டப்படுவது ஆசிரியரின் தொடர்ந்த வாசிப்பே. பட்டத்துக்காகக் கற்ற நூல்களை மாத்திரம் முப்பதாண்டு கற்பிப்பவர், ஒரே ஆண்டை முப்பது முறை கற்பித்தவராவார். ஆண்டுக்கு ஒரு நாட்டின் எழுத்தாளரை, ஆண்டுக்கு ஒரு பெண்ணெழுத்தாளரை, ஆண்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பைப் புதிதாகக் கற்போம் என்று உறுதிபூணும் ஆசிரியர்க்குப் பத்தாண்டில் தனி நூலகமொன்றே உள்ளத்துள் அமைந்துவிடும். அதிலிருந்து இந்தப் பிள்ளைக்கு இந்நூல் என எடுத்துக் கொடுக்கும் ஆற்றல் எந்தப் பரீட்சைச் சபைக்கும் வாய்ப்பதன்று.

நைரோபியில் மூவர் எழுப்பிய வினா ஒரு துறையின் பெயரைப் பற்றியதாகத் தொடங்கிற்று. உண்மையில் அது, பிள்ளை ஒருவன் நூலைத் திறக்கும்போது தன்னை அதில் மனிதனாகக் காண்கின்றானா, பிறரையும் மனிதராகக் காண்கின்றானா என்னும் வினாவேயாகும். இரண்டனுள் ஒன்று குறையினும் கல்வி குறையுடையதே. அக்குறையை நீக்கும் பொறுப்பு, அடுத்த தவணைக்குரிய நூல்களைத் தெரியப் புகும் ஒவ்வோர் ஆசிரியரிடத்தும் இருக்கின்றது.